வாசகர் கேள்வி – பதில்: விசேட கல்விக் கோப்பு யார் கையில்?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் அரச பாடசாலை ஒன்றில் விசேட கல்வி கேஸ் மனேஜராக, அதாவது பிள்ளைகளின் விசேட கல்விக் கோப்புகளுக்குப் பொறுப்பான ஆசிரியராக, நியமனம் பெற்றிருக்கிறாள். கற்பிப்பதைவிடக் கூட்டங்களும் கோப்புகளுமே தன் வேலையாகிவிட்டன என்று குறைப்படுகிறாள். ஆசிரியராகப் படித்துவிட்டு எழுதுவினைஞர் வேலையா பார்க்கிறாள்?
– வாசகி, கொக்குவில்

பதில்: அப்படி எண்ண வேண்டாம், அம்மா. இயலாமையுடைய பிள்ளைகளின் கல்விக்கென அமெரிக்காவில் 1975 இல் நிறைவேறி, 1990 இல் பெயர் மாற்றம் பெற்ற சட்டத்தின்படி, விசேட கல்விக்குத் தகுதி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பிள்ளையின் கற்றல் இலக்குகளையும் வழங்க வேண்டிய உதவிகளையும் குறிக்கும் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்று எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அதைப் பெற்றோர், பொது வகுப்பு ஆசிரியர், விசேட கல்வி ஆசிரியர், கல்வி நிருவாகத்தின் பிரதிநிதி, மதிப்பீட்டு முடிவுகளை விளக்கக்கூடியவர் ஆகியோர் கூடியிருந்து தயாரிக்க வேண்டும். கேஸ் மனேஜர் என்ற பதவியை அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆயினும் ஐந்தாறு பேர் கூடிச் செய்யும் வேலைக்கு ஒருவர் பொறுப்பாக நில்லாவிட்டால் அது எவருடைய வேலையுமாகாது என்பதாலேயே பாடசாலைகள் ஒவ்வொரு பிள்ளையின் கோப்பையும் ஓர் ஆசிரியரின் கையில் ஒப்படைக்கின்றன.

தவணைகள் கடுமையானவை. பெற்றோர் சம்மதித்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள், அல்லது அந்தந்த மாநிலம் விதித்த காலத்துக்குள், முதல் மதிப்பீடு முடிய வேண்டும். தகுதி உறுதியானபின் 30 நாள்களுக்குள் திட்டக் கூட்டம் நடைபெற வேண்டும். திட்டத்தை ஆண்டுக்கு ஒரு தடவையேனும் மீளாய்வு செய்ய வேண்டும். பெற்றோரும் பாடசாலையும் தேவையில்லை என்று உடன்பட்டாலன்றி, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவையேனும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். ஒரு திகதி தவறினாலும் பெற்றோர் முறையிடலாம். உங்கள் மகளின் களைப்பில் பெரும்பங்கு இந்தத் திகதிகளால் வருவதாகத்தான் இருக்கும்.

ஆனால் வேலையின் உயிர் இலக்கை எழுதுவதில் இருக்கிறது. “வாசிப்பில் முன்னேறுவார்” என்று எழுதுவது ஒன்றும் எழுதாமல் விடுவதற்குச் சமம். “தரம் 2 மட்டத்திலுள்ள, முன்பு பார்த்திராத பந்தி ஒன்றைக் கொடுத்தால், நிமிடத்துக்கு 60 சொற்களைச் சரியாக வாசிப்பார், அதை ஐந்து தடவைகளில் நான்கிலேனும் செய்வார்” என்று எழுதினால், பங்குனியில் பிள்ளை எங்கே நிற்கிறார் என்பதை எந்த ஆசிரியரும் அளந்து சொல்லிவிடலாம். இவ்வாறு எழுதுவதற்கு முதலில் பிள்ளை இன்று எத்தனை சொற்களை வாசிக்கிறார் என்பதை அருகில் அமர்ந்து எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையே கற்பித்தலின் தொடக்கம். அதை எழுத்து வேலை என்று ஒதுக்குவது நியாயமன்று.

இன்னொரு பாதி, அந்தத் திட்டத்தை மற்ற ஆசிரியர்களின் மேசைக்குக் கொண்டு சேர்ப்பது. பல பக்கத் திட்டத்தைக் கணித ஆசிரியர் வாசிப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். கெட்டிக்காரக் கேஸ் மனேஜர்கள் அதை ஒற்றைத் தாளாகச் சுருக்கிக் கொடுப்பார்கள்: முன்வரிசையில் இருத்துக, அறிவுறுத்தல்களை ஒவ்வொன்றாகச் சொல்லுக, பலகையிலிருந்து பார்த்தெழுதச் சொல்லாமல் அச்சுப் பிரதி கொடுக்குக, பரீட்சையில் மேலதிக நேரம் வழங்குக. வழமையான ஆசிரியர் வராத நாளில் அவருக்குப் பதிலாக வரும் ஆசிரியருக்கும் அந்தத் தாள் கிடைக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லுங்கள். பிள்ளை தவித்துப்போவது பெரும்பாலும் அந்த நாளில்தான்.

கேள்வி: வடமராட்சியில் பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் இப்போது தரம் 6 இல் சாதாரண வகுப்பில் கற்கிறார். தவணைப் பரீட்சையில் புள்ளிகள் குறைந்ததும் பாட ஆசிரியர்கள், “அவர் உங்களுடைய பிள்ளைதானே” என்று என்னிடமே திருப்பி அனுப்புகிறார்கள். நான் என்ன செய்யலாம்?
– ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: மேலே சொன்ன கேஸ் மனேஜரின் வேலையைத்தான், சேர், நீங்கள் நேரசூசியில் ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்படாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள். எம்முடைய பாடசாலைகளின் பெரிய குறை இதுவே என்பது என் கருத்து. இலங்கையின் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்துக்கு அனுமதிப்பதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அனுமதித்த பிறகு வகுப்பறைக்குள் யார் என்ன செய்வது என்பதைப் பாடசாலைதான் தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே அதிபரிடம் வாய்மொழியாக முறையிடுவதை விடுத்து, எழுத்தில் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். ஒன்று, கிழமைக்கு ஒரு பாடவேளை இந்த மாணவரின் பாட ஆசிரியர்களைச் சந்திப்பதற்கென ஒதுக்கப்பட வேண்டும். மற்றது, அந்தச் சந்திப்பில் பாட ஆசிரியர் ஒவ்வொருவரும் தாம் செய்யவிருக்கும் ஒரு மாற்றத்தையேனும் எழுதி ஒப்பமிட வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் வினாத்தாளைப் பெரிய எழுத்தில் அச்சிடலாம். வரலாற்று ஆசிரியர் பதிலை வாய்மூலம் கேட்டுப் புள்ளியிடலாம். தாம் எழுதி ஒப்பமிட்ட பின்னர் “உங்களுடைய பிள்ளை” என்று சொல்ல அவர்களுக்கே கூச்சமாக இருக்கும்.

இந்தப் பதிவுகளைத் தரம் 6 இலிருந்தே சேர்த்து வையுங்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் போன்ற சலுகைகளை வழங்குகிறது. மருத்துவ அறிக்கையும் பாடசாலைப் பதிவுகளும் முன்கூட்டியே கையில் இருந்தால் கடைசி நேர அலைச்சல் குறையும். உங்களுக்கு இடமாற்றம் வந்தால், அலுமாரிச் சாவியோடு கோப்பையும் அடுத்தவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் எம்மிடையே மிகுதி.

கேள்வி: தரம் 3 இல் படிக்கும் என் மகனுக்கு வாசிப்பு மட்டும் பிந்துகிறது. விசேட பாடசாலையில் சேர்த்துவிடும்படி அயலவர்கள் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: அவசரப்பட வேண்டாம். கைதடி நவீல்ட் பாடசாலை செவிப்புலன், விழிப்புலன் குறைபாடுடைய பிள்ளைகளுக்கானது. சுன்னாகம் வாழ்வகம் விழிப்புலன் இழந்தோருக்கானது. கோண்டாவில் சிவபூமி அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைகளுக்கானது. வாசிப்பு மட்டும் பிந்தும் பிள்ளைக்கு அவை உரிய இடங்கள் அல்ல. முதலில் மகனின் கண்ணையும் காதையும் பரிசோதிப்பியுங்கள். பின்னர் அறிக்கையின் பிரதியை வகுப்பாசிரியரிடம் கொடுத்து, வலயக் கல்விப் பணிமனையின் விசேட கல்விப் பிரிவுக்கு அறிவிக்கும்படி அதிபருக்குக் கடிதம் எழுதுங்கள். கடிதத்தின் ஒரு பிரதியில் திகதியிட்டு ஒப்பம் வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.