மொட்டு வந்ததும் இலை பழுக்கிறதா?

கேள்வி: சென்ற ஒக்டோபரில் அலங்கார வெங்காயக் கிழங்கு 10 நட்டேன். இப்போது மே கடைசி. மொட்டு வந்துவிட்டது, ஆனால் இலை நுனியெல்லாம் மஞ்சளாகிக் காய்கிறது. தண்ணீர் போதவில்லையா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: அதற்காகத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், தங்கச்சி! பந்துபோலப் பூக்கும் பெரிய வகைகளுக்கு இதுதான் வழக்கம். பூ விரியும்போதே இலை பழுத்துவிடும். பார்க்க நன்றாயில்லை என்று பச்சையாக இருக்கும்போதே வெட்டவும் வேண்டாம். அடுத்த வருடப் பூவுக்கான சத்தைக் கிழங்கில் சேர்ப்பது அந்த இலைதான். முன்னால் ஜெரேனியம் வைத்தால் மறைந்துவிடும்.

நான் முதல் வருடம் ஈரக் களிமண்ணில் நட்ட 6 கிழங்கில் 4 அழுகிப்போயின. அப்புறம் வெயில் விழும் இடத்தில் மண்ணை மேடாகக் கட்டி, கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்தில் நட்டேன். சரியாக வந்தது. என் டியூலிப் கிழங்குகளை எல்லாம் தோண்டித் தின்ற அணில்கள் இதைத் தொடவில்லை. வெங்காய மணம் அல்லவா!

வீட்டில் நாய், பூனை இருந்தால் மட்டும் கவனம். தின்றால் அவற்றுக்கு நஞ்சு. பூ காய்ந்ததும் தண்டோடு வெட்டிச் சாடியில் வையுங்கள். என்னுடையது கிறிஸ்மஸ் வரை நின்றது.