சிறுநீரகம், இனப்பெருக்கம், மரபியல், அணு: இந்த நான்கு பாடங்களுக்குள் ஏதாவது தொடர்பு உண்டா?

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சிறுநீரகம், இனப்பெருக்கம், மரபியல், அணு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருப்போடுகிறாள். இவற்றுக்குள் தொடர்பு ஏதாவது உண்டா, இல்லை பரீட்சை எழுதிவிட்டு மறக்கவேண்டியதுதானா?

பதில்: தொடர்பு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிக்கும் குளச்சலுக்கும் இடையில் கடலோரத்தில் மாலை டியூஷன் எடுக்கிறேன். இந்த நான்கையும் நான் தொடங்குவது ஒரே இடத்தில், எங்கள் கடற்கரை மணலில்.

அந்த மணலில் ஒரு பிடியை வெள்ளைத் தாளில் கொட்டி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். தூரத்தில் வெறும் கறுப்பாகத் தெரிந்தது பல நிறமாகப் பிரியும். பளபளக்கும் கறுப்பு இல்மனைட்; இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. கருஞ்சிவப்பு கார்னெட். நிறமில்லாமல் மின்னுவது குவார்ட்ஸும் சிர்கானும். இவற்றுக்கிடையே தேன் நிறத்தில், மூலை தேய்ந்த பொடி மணிகள் சில இருக்கும். அதுதான் மோனசைட். பழைய ஹார்டு டிஸ்கில் கழற்றிய காந்தத்தைத் தாளுக்கு அடியில் ஓட்டினால் கறுப்பு மணிகள் கூடவே ஓடும், தேன் நிற மணிகள் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கறுப்பு மண்ணில்தான் கதிர்வீச்சு என்று ஊரில் சொல்வார்கள். கறுப்புக்கும் கதிர்வீச்சுக்கும் சம்பந்தமில்லை. கறுப்பு மணி, தேன் நிற மணி இரண்டுமே கனமானவை என்பதால் அலை இரண்டையும் ஒரே இடத்தில் ஒதுக்கிவிடுகிறது. கதிர் வீசுவது தேன் நிற மணிக்குள் இருக்கும் தோரியம்.

எங்கள் கரையில் மோனசைட் இருப்பதை உலகம் தெரிந்துகொண்டது 1909-இல். அப்போது நாங்கள் திருவிதாங்கூர். இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் மோனசைட்டைக் கண்டார். காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது.

தோரியம் அணுக்கருவில் 90 புரோட்டான், 142 நியூட்ரான், கூட்டினால் 232. இவ்வளவு பெரிய கரு நிலையாக நிற்காது. ஆல்ஃபா துகளை (2 புரோட்டானும் 2 நியூட்ரானும் சேர்ந்தது) வெளியே தள்ளி ரேடியம் ஆகும், அதுவும் நிற்காது. மாறி மாறிக் கடைசியில் ஈயம் 208-இல் வந்து அடங்கும். இதைப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்வேன். நிறை எண்ணில் 24 குறையவேண்டும், ஓர் ஆல்ஃபாவுக்கு 4, ஆகவே ஆறு ஆல்ஃபா. ஆறு ஆல்ஃபாவோடு 12 புரோட்டான் போனால் மிச்சம் 78. ஈயத்துக்கோ 82 வேண்டும். ஒவ்வொரு பீட்டா (எலக்ட்ரான்) வெளியேறும்போதும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுவதால், நான்கு பீட்டா. இந்த ஒரு கணக்கைக் கையால் போட்ட பிள்ளைக்கு இடப்பெயர்ச்சி விதியை (கதிர் வீசும் அணு எந்தத் தனிமமாக மாறும் என்று சொல்வது) உருப்போடும் வேலை மிச்சம்.

அரை ஆயுள், அதாவது அணுக்களில் பாதி உடைய ஆகும் காலம், அந்த விஷயத்திலும் ஒரு தலைகீழ்ப் புரிதல் இருக்கிறது. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,405 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். கேட்டதும் பயந்துவிடுகிறார்கள். ஆனால் அரை ஆயுள் நீளநீள, ஒரு நொடியில் உடையும் அணுக்கள் குறையும். தோரியம் மிக மெதுவாக உடைவதால்தான் இன்னும் மணலில் மிச்சம் இருக்கிறது.

கதிரியக்கம் மணலில் மட்டுமில்லை, நம் உடம்பிலும் உண்டு. இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பொட்டாசியம் 40. அது கதிர் வீசும். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஒவ்வொரு நொடியும் அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் உடைகின்றன. எங்கள் மாவட்டத்தில் மட்டி, செவ்வாழை, ஏத்தன், ரசகதலி என்று வாழைப்பழத்துக்குக் குறைவில்லை, எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. அப்படியானால் தினமும் ஏத்தன்பழம் தின்றால் உடம்பில் கதிர் கூடுமா? கூடாது. ஏன் கூடாது என்று சொல்வது சிறுநீரகப் பாடம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்ணிய அலகுகள். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். சிறுநீராக வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவில். மற்றதெல்லாம் இரத்தத்துக்கே திரும்புகிறது. சிறுநீரகம் என்றால் கழிவை வடிகட்டும் சல்லடை என்று எழுதி எல்லாரும் மார்க் வாங்குகிறார்கள். அது பாதிதான். சல்லடை வேலை நெஃப்ரானின் தொடக்கத்தில் உள்ள கிளாமருலஸ் என்ற நுண் இரத்தக்குழாய் முடிச்சோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீண்ட நுண்குழல் முழுக்க நடப்பது எதைத் திரும்ப எடுப்பது, எதை விட்டுவிடுவது என்ற தேர்வு. ஆரோக்கியமானவருக்கு குளுக்கோஸ் அநேகமாக முழுவதும் திரும்பிவிடும். பொட்டாசியத்திலும் முதலில் பெரும்பகுதி திரும்ப எடுக்கப்படும். பிறகு கடைசிப் பகுதியில், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் கட்டளைப்படி, உடம்புக்கு மிஞ்சியது வெளியே தள்ளப்படும். கூடுதலாகத் தின்ற பழத்தின் பொட்டாசியம் அப்படிச் சிறுநீரில் போய்விடுகிறது. பொட்டாசியம் 39, 40, 41 மூன்றிலும் புரோட்டான் 19-தான், நியூட்ரான் எண்ணிக்கைதான் வேறு. சிறுநீரகத்துக்கு மூன்றும் ஒன்றே. மொத்தப் பொட்டாசியம் அளவாக நின்றால் பொட்டாசியம் 40-உம் அளவாக நிற்கும். ஐசோடோப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் பாடத்தை விட்டு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு இந்தப் பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும், உயிருக்கே ஆபத்து. எங்கள் பக்கம் யாருக்காவது கிட்னிக் கோளாறு என்றால் பாசத்தில் முதலில் இளநீர்தான் வெட்டிக் கொடுப்பார்கள், "குளிர்ச்சி, நல்லது" என்று. இளநீரில் பொட்டாசியம் மிக அதிகம். டயாலிசிஸ் எடுப்பவருக்கு மருத்துவரைக் கேட்காமல் இளநீரோ வாழைப்பழமோ கொடுக்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை நெஃப்ரானை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் வீட்டில் இதை எடுத்துச் சொல்லும். எங்கள் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள்.

சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாததும் உண்டு. 1930, 40-களில் எக்ஸ்ரேயில் இரத்தக்குழாய் தெளிவாகத் தெரிவதற்காகத் தோரோட்ராஸ்ட் என்ற மருந்தை நோயாளிகளின் இரத்தத்தில் ஏற்றினார்கள். அது தோரியம் ஆக்சைடு. கரையாது, நுண்துகளாக மிதக்கும், கிளாமருலஸ் வழியே இறங்காது. கல்லீரலும் மண்ணீரலும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. ஆயுள் முழுக்க உள்ளே இருந்தபடி ஆல்ஃபா வீசியது. பல ஆண்டுகள் கழித்துப் பலருக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. தோலின் மேல் விழுந்தால் இறந்த தோல் அடுக்கைக்கூடத் தாண்ட முடியாத ஆல்ஃபா, உள்ளே குடியேறினால் கதை வேறு. அதனால்தான் மணலில் நடப்பதையும் மணல் தூசியை நாள் முழுக்கச் சுவாசிப்பதையும் ஒன்றாக எடைபோடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

கதிர் செல்லுக்குள் போய் என்ன செய்கிறது? உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் தண்ணீர் மூலக்கூறைத்தான் அதிகம் உடைக்கிறது. அதில் பிறக்கும் துடிப்பான துண்டுகள் டிஎன்ஏவைத் தாக்குகின்றன. சில நேரம் கதிரே நேராகவும் தாக்கும். எக்ஸ்ரே பட்டால் பழ ஈக்களின் மரபணு மாறுகிறது என்று 1927-இல் காட்டிய முல்லருக்கு 1946-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கதிரே இல்லாவிட்டாலும், சாதாரண வளர்சிதை மாற்றத்தாலேயே ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ தினமும் ஆயிரக்கணக்கில் சேதமாகிறது. செல் அதை ஓயாமல் பழுதுபார்க்கிறது. அது எப்படி என்று கண்டறிந்த லிண்டால், மோட்ரிச், சான்கார் மூவருக்கும் 2015-இல் வேதியியல் நோபல்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எனக்க அக்கா மாசமா இருக்கா. இந்த மண்ணுல நடந்தா பிள்ளைக்கு எதாவது வருமா?"

இனப்பெருக்கமும் மரபியலும் ஒரே கேள்வியில் வந்துவிட்டன. அவளுக்குச் சொன்னது இது: மக்ளே, அக்காவின் பாதத் தோலில் ஒரு செல் மாறினால் அது அக்காவோடு முடிந்தது. பிள்ளைக்குப் போவது கருமுட்டையின் 23 குரோமோசோமும் விந்தணுவின் 23 குரோமோசோமும் மட்டும். உடல் செல் வேறு, இனப்பெருக்க செல் வேறு. (மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று டிஜோவும் லெவானும் சரியாக எண்ணிச் சொன்னது 1956-இல், எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த அதே ஆண்டு. அதுவரை 48 என்றுதான் நம்பினார்கள்.) விந்தணு பருவம் வந்த நாளிலிருந்து புதிது புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். கருமுட்டைக்கான செல்களோ பெண் குழந்தை பிறக்கும் முன்பே உருவாகிவிடும். நீ எந்த முட்டையிலிருந்து வந்தாயோ, அது உன் அம்மா பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே தொடங்கியது. வகுப்பு ஒரு நிமிடம் பேச்சில்லாமல் இருந்தது.

வயிற்றில் வளரும் கருவின் செல்கள் வேகமாகப் பிரிவதால் அதிக அளவுக் கதிர் அதை நேரடியாகவே பாதிக்கும் என்பதையும் சொன்னேன். கர்ப்பிணிகள் எக்ஸ்ரே எடுக்கும் முன் தெரிவிக்கவேண்டும் என்பது அதனால்தான். கூடவே, அக்காவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடச் சொல் என்றேன். ஃபோலிக் அமிலம் கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே, முடிந்தால் அதற்கும் முன்பே, சாப்பிட்டால் பிள்ளையின் தண்டுவடக் குறைகளைப் பெருமளவு தடுக்கும். மண்ணைப் பற்றிய பயத்தில் இந்த மாத்திரை மறந்துபோவதுதான் எனக்குக் கவலை.

ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத அறுபது எழுபது புதிய மாற்றங்களோடுதான் பிறக்கிறது. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. அப்பாவின் வயது கூடக்கூட எண்ணிக்கையும் கூடும். இன்னொரு பக்கம், தாயும் தந்தையும் ஒரே ஒடுங்கு பண்பை (இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது) மறைவாகச் சுமந்தால், மெண்டல் பட்டாணியில் கண்ட அதே கணக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வெளிப்பட நான்கில் ஒரு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தால் இருவரும் ஒரே பண்பைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிறவிக் குறையோடு ஒரு பிள்ளை பிறந்தால் தாயைக் குறை சொல்வது நம் ஊரில் இன்னும் நிற்கவில்லை. மரபியல் பாடத்தின் முதல் பயன் அதை நிறுத்துவதாக இருக்கவேண்டும்.

நம் கரையைப் பற்றிச் சான்று என்ன என்றும் கேட்பார்கள். இதே மோனசைட் மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரை சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தும் மரபுவழிப் பாதிப்பு கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. இவை ஆறுதலான முடிவுகள். ஆனால் கருநாகப்பள்ளிக் கணக்கைக் காட்டி இங்குள்ள மீனவக் குடும்பங்களின் வாயை அடைக்கக்கூடாது. அவர்கள் கேட்பது தங்கள் கரையின், தங்கள் தூசியின் கணக்கை. அந்தக் கேள்வி நியாயமானது.

உங்கள் மகள் அணுவிலிருந்து தொடங்கட்டும். ஐசோடோப்பு தெளிவானதும் கழிவுநீக்கம், அதன்பின் செல் பிரிதல். குன்றல் பகுப்பு புரியாமல் மரபியலைத் தொடவேண்டாம். 46 எப்படி 23 ஆகிறது என்று படம் வரைந்து பார்த்தால்தான் மெண்டலின் 3:1 விகிதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். இனப்பெருக்கப் பாடத்தைப் பல வகுப்புகளில் "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடுகிறார்கள். அந்தப் பாடத்தை மட்டுமாவது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து வாசியுங்கள்.