கைடு கேமராப் படங்களை மென்பொருளில் உருவாக்குவது: கேள்வி பதில்

கேள்வி: மேகமூட்டமான இரவுகளிலும் நான் எழுதிய கைடிங் நிரலை (கைடு கேமராப் படத்தில் நட்சத்திரம் நகர்வதைப் பார்த்துத் தொலைநோக்கியின் போக்கைத் திருத்தும் நிரல்) சோதிக்க வேண்டும். ஸ்டெல்லேரியம் என்ற வான்காட்சி மென்பொருளில் எடுத்த படங்களை வரிசையாகக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. நட்சத்திரங்கள் சரியான இடத்தில்தான் இருக்கும். ஆனால் நிரல் மவுண்டுக்கு (தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் கருவி) திருத்தம் அனுப்பினால் அடுத்த படத்தில் நட்சத்திரம் அதற்கேற்ப நகர வேண்டுமே? படம் அழகாக இருப்பதைவிட இதுதான் முக்கியம். தயாராக ஒன்று வேண்டுமென்றால், வானியல் கருவிகளை இயக்கும் இண்டி மென்பொருளில் கேமரா, மவுண்ட் இரண்டுக்கும் சிமுலேட்டர் டிரைவர்கள் இருக்கின்றன.

கேள்வி: சார், நட்சத்திரத்தை காஸியன் (மணி போன்ற) வடிவில் வரைகிறேன். அது பிக்சல் விட்டுப் பிக்சல் நகரும்போது வெளிச்சம் கூடிக் குறைகிறது. ஏன்?

பதில்: முதலில் ஒரு பிக்சல் வானில் எவ்வளவு அகலம் என்று கணக்கிடுங்கள். பிக்சல் 3.75 மைக்ரான், குவியத்தூரம் 240 மி.மீ. என்று வைப்போம். 206.265 × 3.75 ÷ 240, அதாவது ஒரு பிக்சலுக்குச் சுமார் 3.2 ஆர்க்விநாடி (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்குதான் ஆர்க்விநாடி; 206.265 அலகு மாற்றும் எண்). காற்றுக் கலக்கத்தால் நட்சத்திரம் 2 ஆர்க்விநாடி அகலத்துக்குப் பரவினாலும் ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடும். பிக்சலின் நடுப்புள்ளியில் மட்டும் காஸியன் மதிப்பை எடுத்தால், நட்சத்திரம் அந்தப் புள்ளியில் இருக்கும்போது வெளிச்சம் எகிறும், விளிம்புக்குப் போனதும் விழும். கேமரா அப்படி அளப்பதில்லை. பிக்சலின் முழுப் பரப்பிலும் விழும் ஒளியைச் சேர்க்கிறது. ஒவ்வொரு பிக்சலையும் 10 × 10 கட்டங்களாகப் பிரித்து மதிப்பெடுத்துக் கூட்டுங்கள், சரியாகிவிடும். இதை விட்டால் பிக்சலுக்கும் குறைவான நகர்வை உங்கள் நிரல் எவ்வளவு துல்லியமாக அளக்கிறது என்பதை நம்பவே முடியாது.

கேள்வி: இரைச்சலை எந்த வரிசையில் சேர்ப்பது?

பதில்: நட்சத்திரம், வான வெளிச்சம், டார்க் கரன்ட் (ஒளியே இல்லாமல் சென்சாரில் சேரும் எலக்ட்ரான்கள்) மூன்றையும் எலக்ட்ரான் எண்ணிக்கையில் கூட்டி, அந்தத் தொகைக்கு பாய்சான் இரைச்சல் (எண்ணிக்கையில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கம்). அதன் மேல் ரீட் நாய்ஸ் (சென்சாரைப் படிக்கும்போது சேரும் இரைச்சல்). அப்புறம் கெயின் (எலக்ட்ரானைப் பட மதிப்பாக்கும் பெருக்கம்), ஆஃப்செட் (எல்லாப் பிக்சலிலும் கூட்டும் நிலையான எண்), கடைசியில் முழு எண்ணாக்கல். ஆஃப்செட் இல்லாவிட்டால் எதிர்மறை மதிப்புகள் பூஜ்யத்தில் வெட்டுப்பட்டுப் பின்னணி பொய்யாகிவிடும்.

கேள்வி: ஹாட் பிக்சல் (எப்போதும் பிரகாசமாகவே தெரியும் பழுதான பிக்சல்) தேவையா அண்ணா?

பதில்: கட்டாயம் தேவை, எல்லாப் படத்திலும் அதே இடத்தில். உங்கள் நிரல் தவறுதலாக அதைப் பிடித்துக்கொண்டால் 'பிழை பூஜ்யம்' என்று காட்டிக்கொண்டே இருக்கும். உண்மையான நட்சத்திரம் நகர்ந்துபோகும்.

கேள்வி: மவுண்டின் குறைகளில் எவற்றைச் சேர்க்கலாம்?

பதில்: மவுண்டைச் சுழற்றும் வார்ம் கியரின் (திருகுப் பற்சக்கரம்) சுழற்சிப் பிழையை ஒரு சைன் அலையாகக் கொடுங்கள், ஈக்யூ6 வகை மவுண்டுக்குச் சுற்றுக் காலம் சுமார் 8 நிமிடம். துருவ ஒழுங்கு (மவுண்டின் அச்சு வான துருவத்தை நோக்குவது) 5 ஆர்க்நிமிடம் பிசகினால் டெக்ளினேஷனில் (வடக்கு-தெற்கு அச்சில்) நிமிடத்துக்கு அதிகபட்சம் 1.3 ஆர்க்விநாடி நகர்வு வரும்.

அதே அச்சில் பேக்லாஷையும் (பற்சக்கரங்களுக்கு இடையிலான தளர்வு) விட்டுவிடாதீர்கள். திசை மாறியதும் வரும் பல்ஸ்கள் (சிறு நகர்வுக் கட்டளைகள்) பல் இடைவெளி மூடும்வரை எதையும் நகர்த்தக் கூடாது. பெரும்பாலான கைடிங் நிரல்கள் திணறுவது இங்கேதான்.

கேள்வி: என் சிமுலேட்டரே சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இரைச்சல், பிழை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வானம் சுழலும் வேகத்தில் 0.5 மடங்கில் ஒரு விநாடி ஆர்.ஏ. (கிழக்கு-மேற்கு அச்சு) பல்ஸ் கொடுங்கள். வான நடுக்கோட்டில் நட்சத்திரம் சுமார் 7.5 ஆர்க்விநாடி நகர வேண்டும். டெக்ளினேஷன் 60 பாகையில் அதில் பாதி. இரண்டு இடத்திலும் ஒரே அளவு நகர்ந்தால் டெக்ளினேஷனின் கொசைன் பெருக்கல் விட்டுப்போயிருக்கிறது. இது தேறியதும் பிழைகளை ஒவ்வொன்றாக இயக்குங்கள், மொத்தமாக அல்ல.