எம்.எஸ்சி கம்யூனிட்டி ஹெல்த் நர்சிங்: சிலபஸ்ல எதை வெட்டறது?

மேடம், புதுசா நிறைய சேர்க்கச் சொல்றாங்க ஆனா மணிநேரம் இல்லன்னு கேட்டிருக்கீங்க. தியரில கை வைக்காதீங்க, நர்சிங் கவுன்சில் போட்ட மணிநேரத்தை காலேஜ் குறைக்க முடியாது. பீல்டு போஸ்டிங்கை மாத்துங்க, இடம் அங்கதான் இருக்கு.

பெங்களூர்ல இருந்துட்டு பசங்களை ஊருக்கு வெளிய பிஎச்சிக்கு (கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம்) மட்டும் அனுப்பி ரிஜிஸ்டரை காப்பி பண்ண வைக்கறதுல என்ன பிரயோஜனம் சொல்லுங்க, பாதி வாரத்தை நகர ஆரம்ப சுகாதார மையத்துக்கு மாத்துங்க, பொம்மனஹள்ளி, பீன்யா பக்கம் கார்மெண்ட்ஸ்ல வேலை செய்யற பொண்ணுங்க, கட்டடத் தொழிலாளிங்க குடும்பம் இவங்களோட பிபி, சுகர், ரத்தசோகை, தடுப்பூசி எல்லாம் அங்கதான் பாக்க முடியும். ஆஷா பணியாளர் 30 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு நிரப்பற சிபேக் பாரம் (சுகர், பிபி மாதிரி நோய் வர்ற ஆபத்துக்கு மார்க் போடறது) இருக்குல்ல, ஸ்கோர் 4க்கு மேல போனவங்க நிஜமா ஸ்கிரீனிங்குக்கு வந்தாங்களா, வரலன்னா ஏன், இதை ஒரு மாணவி தேடிப் பிடிச்சாலே எபிடெமியாலஜி, மேனேஜ்மென்ட், ரிசர்ச் மூணும் ஒரே வேலைல முடிஞ்சிடும். டிபி மருந்தை பாதில விட்டவங்களையும் இப்படியே தேடலாம்.

வெட்டணும்னா அந்த சார்ட், பிளாஷ்கார்டு அசைன்மென்ட்ட வெட்டுங்க, பி.எஸ்சிலயே போதும் போதும்னு செஞ்சுட்டு வந்திருப்பாங்க. அதுக்கு பதிலா சிஎச்ஓக்களுக்கு (கம்யூனிட்டி ஹெல்த் ஆபீசர்) ட்ரெயினிங் குடுக்கறது, சூப்பர்வைஸ் பண்றது வைங்க, நாளைக்கு இவங்க செய்யப்போற வேலை அது.

மாநகராட்சி பெர்மிஷனுக்கு லெட்டர் இப்பவே போட்டுடுங்க, இழுத்தடிப்பாங்க.