பூமி சூரியனை விட்டுத் தள்ளிப்போகும்போதுதானே குளிர்காலம் வருகிறது? அப்படியென்றால் மலேசியாவில் ஏன் குளிர்காலமே இல்லை?

எங்கள் வீடு பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம், பதினோராவது மாடி. பால்கனி தெற்குப் பார்த்தது. ஜனவரியில் அங்கே துணி காயப்போட்டால் மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று ஆகிவிடும். ஜூனில் அதே கொடியில் சட்டைக் காலர் சாயங்காலம் வரை ஈரம் போகாது, அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வடக்கே சமையலறைப் பக்கக் கம்பிக்குப் போய்விடுவார். கேட்டால், "வெயில் அந்தப் பக்கம் போயிருச்சுப்பா" என்பார். பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

தூரம் காரணமே இல்லை. நானும் ஐந்தாம் படிவம் வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளிப்போவது ஜூலையில், 15.2 கோடி. அந்த ஜனவரியில்தான் லண்டன்காரர் நடுங்குகிறார், சிட்னிக்காரர் கடற்கரையில் கிடக்கிறார்.

எல்லாம் சாய்வு செய்யும் வேலை. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது, சூரியனைச் சுற்றி வரும்போது அந்தச் சாய்வின் திசை மாறுவதில்லை, அதனால் ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்தாற்போல் ஆகிறது, டிசம்பரில் தென்பாதி. சூரியன் பக்கம் சாய்ந்த பாதியில் வெயில் இன்னும் செங்குத்தாக விழும், பகலும் நீளும். லண்டனில் ஜூன் பகல் 16 மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் 8 மணி நேரம்கூட இல்லை. பினாங்கில் வருஷம் முழுக்கப் பார்த்தாலும் வித்தியாசம் 40 நிமிஷத்துக்குள்தான்.

நாம் பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி வடக்கே இருக்கிறோம். டிசம்பர் 21 உச்சிவேளையில்கூட சூரியன் தெற்கே 61 டிகிரி உயரத்தில் நிற்கும் (லண்டனில் வெறும் 15). ஜூனில் வடக்கே 72 டிகிரி. தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிறதே தவிர, தாழ்வதே இல்லை. அப்புறம் குளிர் எங்கிருந்து வரும்?

நமக்குப் பருவம் என்றால் மழைதான், அதற்கும் மூலம் இதே சாய்வு. ஆண்டுக் கடைசியில் ஆசியப் பெருநிலம் குளிர்ந்து வடகிழக்குக் காற்று கிளம்பும், கிழக்குக் கரையில் கிளந்தானும் திரெங்கானுவும் நனையும், நடுவே தித்திவங்சா மலைத்தொடர் மறிப்பதால் ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மழை குறைவு. எங்கள் துணி காய்வதில் அதற்கும் பங்குண்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ரோட்டில் கால் சுடுவதிலும்தான்.

சந்தேகமென்றால் சோதித்துப் பாருங்கள். போன ஏப்ரல் 4ஆம் தேதி கார் பார்க்கில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை நிறுத்தினேன், ஜாகா (காவலாளி) என்னை ஒரு மாதிரி பார்த்தார், சரியாக 1.20க்கு சூரியன் நேர் உச்சியில், நிழலே இல்லை. (நம் கடிகாரம் இங்குள்ள சூரியனைவிட முந்தி ஓடுகிறது, 12 மணிக்குப் போய் நின்றுவிடாதீர்கள்.) அடுத்த வாய்ப்பு செப்டம்பர் 8 வாக்கில். கோலாலம்பூர் என்றால் மார்ச் 28, செப்டம்பர் 15 வாக்கில், 1.15ஐ ஒட்டி.