காரைக்குடி பக்கம் முதல் வீடு: பழசை வாங்கி சரி பண்ணலாமா, ரெடி வீடா? கேள்வி பதில்

இருபது வருஷத்துக்கு மேல இந்தப் பக்கம் வீடு கட்டுறதும் பழைய வீட்ட சரி பண்றதும்தான் என் வேலை. வந்த கேள்வியில எல்லாருக்கும் பயன்படுறத எடுத்து பதில் எழுதிருக்கேன்.

கேள்வி: அண்ணே, கையில 14 லட்சம் இருக்கு. செக்காலை பக்கம் ரெடி வீடு 40 சொல்றாங்க, பள்ளத்தூர்ல பழைய ஓட்டு வீடு 26தான். பழசு வாங்குனா லாபம்தானே?

தம்பி, விலைய விடுங்க, பத்திரம் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் கையில எவ்வளவு மிச்சம்னு பாருங்க. 40 லட்சம் வீட்டுக்கு பேங்க் 80 சதவீதம் குடுத்தா 32, உங்க பங்கு 8, முத்திரைத்தாள் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 3.6, ஆக 11.6 போயி 2.4 லட்சம் மிஞ்சும், மறுநாளே பால் காய்ச்சி குடி போயிரலாம். 26 லட்சம் வீட்டுக்கு 90 சதவீதம் வரை தரலாம்னு விதி இருக்கு, ஆனா மதிப்பு போட வர்ற இன்ஜினியர் பழைய கட்டடத்துக்கு ரொம்ப கம்மியா போட்டுட்டு போயிருவாரு, 18 வந்துச்சுன்னு வைங்க, நீங்க 8 போடணும், பத்திரச் செலவு 2.34, மிச்சம் 3.66 லட்சம். 14 லட்சம் விலை கம்மியான வீட்டுக்கு கையில மிஞ்சுறது ஒன்னேகால் லட்சம்தான் கூட! அதுல ஓடு பிரிச்சு மாத்தி, வயரிங், தண்ணி லைன், பாத்ரூம் எல்லாம் முடிக்கணும், அதுவரைக்கும் வாடகையும் குடுக்கணும், இஎம்ஐயும் கட்டணும். ரிப்பேருக்கு தனியா லோன் தருவாங்க, ஆனா வேலை நடக்க நடக்க பிரிச்சுதான் வரும், வருமான வரிக்கழிவும் பழைய வரி முறையில வீடு வாங்குன லோன் வட்டிக்கு 2 லட்சம்னா ரிப்பேர் லோன் வட்டிக்கு 30,000 வரைதான். உங்க கணக்குக்கு ரெடி வீட்டுக்கே போங்க தம்பி.

கேள்வி: வளவு வீட்டுல, அதான் பங்காளிங்க எல்லாருக்கும் பொதுவான பெரிய முற்றம் வச்ச பழைய வீட்டுல, ஒரு பங்கு விலைக்கு வருது, ரொம்ப மலிவு. மத்த பங்காளிங்க சென்னையிலயும் மலேசியாவிலயும் இருக்காங்களாம்.

வேண்டாம்ங்க. பாகப்பிரிவினை ஆகாத குடும்ப வீட்டுல வெளியாள் ஒரு பங்கு வாங்குனா, கூட இருந்து அனுபவிக்கிற உரிமை கிடையாதுன்னு சொத்து மாற்றுச் சட்டம் 44ஆவது பிரிவே சொல்லுது. பிரிச்சுக் குடுங்கன்னு நீங்க கோர்ட்டுக்குப் போனா, குடும்பத்து ஆள் ஒருத்தர் உங்க பங்க தானே வாங்கிக்கிறேன்னு கேட்க 1893 பாகப்பிரிவினைச் சட்டத்துல வழி இருக்கு. முழு வீடும் வந்தா மட்டும் பேசுங்க, அப்பவும் எல்லாப் புள்ளியும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பமும், கையெழுத்து போடணும், இந்து வாரிசுரிமைச் சட்டத்துல 2005ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் கட்டிக் குடுத்த பொண்ணுகளுக்கும் பூர்வீக சொத்துல பங்கு இருக்கு, "அவுக ஒண்ணும் கேட்க மாட்டாக"ங்கிற வாய்வார்த்தைய நம்பி முன்பணம் குடுத்துட்டு வருஷக்கணக்கா அலையுறவங்கள நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன். மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா மூணையும் வக்கீல்ட்ட குடுத்து பார்க்கச் சொல்லுங்க.

கேள்வி: அண்ணே, பழைய வீடு வாங்கியாச்சு. சுவர் பொரிஞ்சு கொட்டுது, மேஸ்திரி சிமெண்ட் பூசிரலாம்ங்கிறாரு. தரையையும் பேத்துட்டு புது டைல்ஸ் போடவா?

ரெண்டும் வேண்டாம் ஆத்தா! சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுற சுவர், கீழருந்து ஏறுற ஓதம் அது வழியாத்தான் வெளிய போகும், மேல சிமெண்ட பூசுனா ஈரம் உள்ளயே நின்னு உப்பு பூத்து பூச்சோட சேர்த்து தள்ளிரும். தேவகோட்டையில ஒரு வீட்டுல அப்படிப் பூசுனத கொத்தி எடுக்குறப்ப உள்ள இருந்த செங்கல்லே மாவா வந்துச்சு. மறுபடி சுண்ணாம்புதான் பூசணும், அந்த வேலை தெரிஞ்ச கொத்தனார் இன்னும் இருக்காங்க, கூலி கூட ஆகும், குடுங்க. தரை ஆத்தங்குடி கல்லுன்னா தொடவே தொடாதீங்க. கண்ணாடி மேல கலர் ஊத்தி கையால செஞ்சு, சூளையில வைக்காம தண்ணியில ஊறப்போட்டு பதப்படுத்துறது அது. ஆசிட் ஊத்தாம வெறும் தண்ணியில துடைச்சு லேசா தேங்காய் எண்ணெய் தேய்ங்க, நடக்க நடக்க மின்னும். உடைஞ்ச கல்லு மட்டும் ஆத்தங்குடியில அதே டிசைன் சொல்லி செஞ்சு வாங்குங்க.

செலவ மொதல்ல கூரைக்குப் பண்ணுங்க. ஓடு, ஓட்டத் தாங்குற ரீப்பர் சட்டம், அதுக்குக் கீழ சாய்வா போற கைமரம், கைமரம் சுவர்ல உக்காருற இடத்துல கறையான் இருக்கான்னு ஆசாரிய ஏணி வச்சு ஏறித் தட்டிப் பார்க்கச் சொல்லுங்க. பெயிண்ட் கடைசி.

கேள்வி: விக்கிறவங்க பர்மா தேக்கு கதவு, தூணுன்னு காட்டுறாங்க. பத்திரத்துக்கு முன்னாடி கழட்டிட்டா?

நடக்குறதுதான். காரைக்குடி பழைய சாமான் கடைகள்ல நிக்கிற தூணும் கதவும் பாதி அப்படி வந்ததுதான், பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும். எத்தனை கதவு, எத்தனை தூண், ஊஞ்சல் உட்பட எண்ணி அக்ரிமெண்ட்ல எழுதி போட்டோவும் சேர்த்துருங்க.

கேள்வி: ரெடி வீட்டுல பார்க்க என்ன இருக்கு, புதுசுதானே?

நெறைய இருக்கு. 500 சதுர மீட்டருக்கு மேல இடம், இல்ல 8 வீட்டுக்கு மேல கட்டுற திட்டம்னாதான் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு, அதுக்குத்தான் கட்டுமானக் குறைக்கு 5 வருஷ பொறுப்பு. இங்க பெரும்பாலும் ஒரு மேஸ்திரி ஒரு பிளாட்ல கட்டி விக்கிற தனி வீடு, விரிசல் விட்டா கேட்க ஆள் இருக்காது. அங்கீகார பிளானும் கட்டுனதும் ஒத்துப்போகுதா பாருங்க, செப்டிக் டேங்க் எங்க இருக்குன்னு கேளுங்க, குறை வந்தா சரி பண்ணித் தர்றதா எழுதி வாங்குங்க.

கேள்வி: எப்ப போயி வீடு பார்க்குறது நல்லது?

ஐப்பசியில ஒரு ராத்திரி பூரா கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில. சொல்லாம போங்க. முற்றத்துல தண்ணி நிக்குதா, இல்ல போயிருச்சா, இரண்டாம் கட்டுல, அதான் முற்றத்துக்குப் பின்னாடி இருக்குற பகுதியில, சுவர் ஈரமா கையில ஒட்டுதா, உத்திரத்துக்கு அடியில கறை புதுசா இருக்கா பாருங்க, புது வீடுன்னா மாடிப்படிக்கு கீழயும் பாத்ரூம் பின்சுவரையும் தடவிப் பாருங்க. அதுவரைக்கும் அவசரப்பட்டு முன்பணம் குடுத்துறாதீங்க.