கன்னியாஸ்திரிகளுக்குப் பட்ஜெட்டில் என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கன்னியாஸ்திரிகள் 2012இல் ஒரு பட்ஜெட்டை எதிர்த்துப் பேருந்தில் ஊர் ஊராகப் போனதைச் சென்ற வாரம் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. துறவிகள் பசித்தவருக்குச் சோறு போடட்டும், கும்பிடுகிறேன். ஆனால் அரசு யாருக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு என்ன வேலை? இன்று ஏழைக்காகப் பேசுகிறார்கள் என்று விட்டால் நாளை வேறொன்றுக்காக வருவார்கள். அப்போது என்ன சொல்வீர்கள்? அப்புறம், அவர்கள் போனதால் ஏதாவது மாறியதா? அதை நீங்கள் எழுதவில்லை.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

"சோறு போடட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அன்று நடந்த சண்டையே அதைப் பற்றியதுதான்.

அந்தப் பட்ஜெட் திட்டத்தை எழுதியவர் பால் ரயன். அப்போது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் பட்ஜெட் குழுத் தலைவர், கத்தோலிக்கர். 2012 மார்ச்சில் அந்தச் சபை அதை நிறைவேற்றியது. ஃபுட் ஸ்டாம்ப் என்று அங்கே சொல்கிற, மளிகை வாங்க அரசு தரும் உதவியில் பெரிய வெட்டு இருந்தது. அப்போது நாலரைக் கோடிப் பேருக்கு மேல் அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு மாதம் சராசரியாக 130 டாலர் சொச்சம். ரயன் இதை வெறும் வரவு செலவாகச் சொல்லியிருந்தால் உங்கள் கேள்விக்கு இன்னும் வலு இருந்திருக்கும். அவர் ஏப்ரலில் ஒரு பேட்டியில் தன் திருச்சபையின் சமூகப் போதனையையே துணைக்கு அழைத்தார். குடும்பமும் ஊரும் தேவாலயமும் செய்யக்கூடியதை மைய அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏழைகள் அரசை நம்பியே இருக்கும்படி விடக் கூடாது என்பது அவர் வாதம். பட்ஜெட்டை எழுதியவரே மதத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்ட பிறகு, அந்த மதத்துக்கு வாழ்நாளைக் கொடுத்தவர்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

ஆயர்கள் என்கிற பிஷப்புகளும் பேசினார்கள். ஸ்டாக்டன் ஆயர் ஸ்டீபன் பிளேர் ஆயர் பேரவையின் சார்பில் நாடாளுமன்றத்துக்குக் கடிதங்கள் எழுதினார். ஒரு பட்ஜெட்டை அளக்க வேண்டியது அது கடைசியில் இருப்பவரை என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான், இந்த வெட்டுகள் அந்த அளவுகோலில் தேறவில்லை என்றார். நல்ல கடிதங்கள். ஆனால் கடிதத்தைக் கோப்பில் வைத்து மூடிவிடலாம்.

ஜூனில் சிமோன் கேம்பல் என்ற கன்னியாஸ்திரியும் தோழியரும் பேருந்தில் ஏறினார்கள். அவர் வழக்கறிஞர். ஓக்லண்டில் 18 வருடம் ஏழைகளுக்காக வழக்காடியவர். அயோவாவில் தொடங்கி ஒன்பது மாநிலங்கள் வழியாக, ஏறக்குறைய 4,300 கிலோமீட்டர் போய் வாஷிங்டனில் முடித்தார்கள். வழியில் ரயனின் தொகுதி அலுவலகத்துக்கும் போனார்கள். இது அவர்களுக்குச் சுலபமான காரியமில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், பெரும்பாலான அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளின் துறவற சபைத் தலைவிகள் இருக்கும் கூட்டமைப்பை வத்திக்கான் கண்டித்திருந்தது. சிமோன் நடத்திய அமைப்பின் பெயரும் அந்த அறிக்கையில் இருந்தது.

அவர்கள் கையில் ஒரு கணக்கு இருந்தது. பசிக்கு எதிராக வேலை செய்யும் 'பிரெட் ஃபார் தி வேர்ல்ட்' என்ற கிறிஸ்தவ அமைப்பு போட்டது. இந்த வெட்டை அன்னதானத்தால் ஈடுகட்ட வேண்டுமென்றால் நாட்டிலுள்ள ஒவ்வொரு தேவாலயமும், யூத ஆலயமும், மசூதியும், மற்ற வழிபாட்டிடமும் ஆண்டுக்கு 50,000 டாலர் கூடுதலாகத் திரட்ட வேண்டும், அதுவும் பத்து வருடத்துக்கு. அங்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வழிபாட்டிடங்கள் உண்டு. பெருக்கிப் பாருங்கள், ஆண்டுக்கு 1,500 கோடி டாலரைத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வரும் கிராமத்துத் தேவாலயம் ஐம்பதாயிரம் டாலருக்கு எங்கே போகும்?

மில்வாக்கியில் ஒரு இலவச உணவுக்கூடத்தில் மனைவி, இரண்டு பையன்களோடு வந்திருந்த ஒருவரைச் சந்தித்ததைச் சிமோன் பிறகு மேடையில் சொன்னார். அந்த மனிதருக்கு வேலை போகவில்லை, வேலை நேரத்தைத்தான் குறைத்துவிட்டார்கள். ஃபுட் ஸ்டாம்ப் இல்லாமல் அந்த வீட்டில் சாப்பாடு கிடையாது. அது இருந்தும் உணவுக்கூடத்துக்கு வர வேண்டியிருக்கிறது. தர்மம், அரசு இரண்டும் சேர்ந்துதான் அந்த இரண்டு பையன்களின் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தன. அரசு கையை எடுத்தால் வரிசை எவ்வளவு நீளும் என்பது பரிமாறுகிறவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவர் வந்து சொல்வதைத் தலையீடு என்று என்னால் நினைக்க முடியவில்லை. சொல்லாமல் இருந்தால்தான் தப்பு.

சரி, நாளை வேறொன்றுக்காக வந்தால்? நாளை என்ன, அதே ஜூனில் வந்தார்கள். கருத்தடைச் செலவையும் ஊழியர் காப்பீடு ஏற்க வேண்டும் என்ற அரசு விதிக்கு எதிராக ஆயர்கள் இரண்டு வார இயக்கம் நடத்தினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் பேசும் உரிமை அவர்களுக்கும் உண்டு. ஏழைகளின் சாப்பாட்டுக்குக் கடிதமும் இதற்கு இயக்கமும் என்று அவர்கள் பிரித்துக்கொண்டதில்தான் எனக்கு வருத்தம்.

நான் கோடு போடுவது வாக்களிப்பதில். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் 26 ஆயர்களுக்கு இடம் உண்டு. 2012 ஜனவரியில், ஒரு குடும்பத்துக்கான அரசு உதவிக்கு ஆண்டுக்கு 26,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தபோது, குழந்தைகளுக்கான உதவித்தொகையை அதில் சேர்க்கக் கூடாது என்று ஓர் ஆயர் திருத்தம் கொண்டுவந்தார். 252க்கு 237 என்று ஜெயித்தது. சில நாளிலேயே, மக்கள் தேர்ந்தெடுத்த கீழவையான மக்கள் சபை அதை ரத்து செய்தது. திருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் யாரும் தேர்ந்தெடுக்காதவர் வரிப்பணத்தின் மேல் வாக்களிப்பதை ஏற்க மாட்டேன். பேருந்தில் போனவர்கள் கையில் வாக்கு எதுவும் இல்லை. கேட்பவர் கேட்கலாம், கதவைச் சாத்தலாம்.

மாறியதா என்றால், ரயனின் பட்ஜெட் மேலவையான செனட்டைத் தாண்டவில்லை. செனட் ஜனநாயகக் கட்சி கையில் இருந்தது, அதனால் கன்னியாஸ்திரிகளால்தான் நின்றது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் பிரதிநிதிகள் சபை ஃபுட் ஸ்டாம்பில் பத்து வருடத்துக்குச் சுமார் 4,000 கோடி டாலர் வெட்டக் கேட்டது. 2014 பிப்ரவரியில் சட்டமானபோது அது ஏறத்தாழ 860 கோடியாகக் குறைந்திருந்தது. அந்த 860 கோடியால் எட்டரை லட்சம் குடும்பங்களுக்கு மாதம் சுமார் 90 டாலர் குறையும் என்று கணக்கிட்டார்கள். அதை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சென்ற வாரம் எழுதாமல் விட்டதும் அதனால்தான்.